கழிவறையில் வழுக்கி விழுந்தவர்கள்

போலீசுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்ற சண்டை எங்கள் வேங்கைப்பட்டினத்தில் பதினோரு வருடமாக நடக்கிறது. பதினோரு வருடமும் அந்தச் சண்டைக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுத்தது மாநகராட்சியின் புள்ளியியல் பிரிவு. அதில் கடைசி ஐந்து வருடமாக அந்தப் பிரிவுக்குத் துணை இயக்குநர் ரெஜினா மேரி ஆகிய நான். எனவே சலித்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்தந்த ஊர் போலீசுக்கு அந்தந்த மாநகராட்சியே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் மாறிய நாளில் ஆரம்பித்தது இது. மாமன்றம் மூன்றாகப் பிரிந்தது. கவுன்சிலர் தெய்வசிகாமணியின் கூட்டம் நிதியை இரட்டிப்பாக்கு என்றது. ஒரு கான்ஸ்டபிளைப் பதினாறு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, வார விடுமுறையைக் காகிதத்தில் மட்டும் கொடுத்துவிட்டு, அவனிடம் பொறுமையை எதிர்பார்த்தால் எப்படி என்று கேட்பார். நியாயமாகத்தான் இருக்கும். பேராசிரியர் அனந்தநாயகியின் கூட்டம், பணம் கொடுங்கள், ஆனால் முதலில் திருத்துங்கள் என்றது. விசாரிக்க ஓர் அணி, பந்தோபஸ்துக்கு ஓர் அணி, இருக்கிற கேமராக்களோடு இன்னும் கேமரா. அதுவும் நியாயம்தான். யாக்கூப்பின் கூட்டம் ஸ்டேஷன்களையே மூடச் சொன்னது. பசிக்குத் திருடுகிறவனுக்கும், புத்தி பேதலித்துத் தெருவில் கத்துகிறவனுக்கும், பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கும் ஒரே லத்திதான் வைத்தியமா என்பார். அதையும் மறுக்க முடியாது. மூன்று நியாயங்களும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே அறையில் கூடி நாற்காலிகளை உடைத்துவிட்டுக் கலையும்.

கடைசியில் மேயருக்கே அலுத்துவிட்டது. 'துலா' என்ற இயந்திரத்தை வரவழைத்தார். அதனிடம் ஊரின் பதிவேடுகளையெல்லாம் கொடுத்துவிட வேண்டும். மக்களுக்கு எங்கே, எதனால் கேடு வருகிறது என்று படித்துப் பார்த்து, அந்தக் கேட்டைக் குறைக்கப் பணம் எங்கே போக வேண்டும் என்று அது சொல்லும். அது சொல்வதே இந்த வருட ஒதுக்கீடு என்று தீர்மானம் போட்டார்கள். பதினோரு வருடத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். இயந்திரம் தங்கள் பக்கம்தான் பேசும் என்று மூன்று கூட்டத்துக்கும் அவ்வளவு நம்பிக்கை.

நாற்பத்திரண்டு ஸ்டேஷன்களின் முப்பது வருடப் பதிவேடுகள் வண்டி வண்டியாக வந்து என் அறையில் இறங்கின. கையெழுத்துப் புரியாத இடங்களைப் படித்துச் சொல்ல, ஓய்வுபெற்ற ஏட்டு தணிகாசலத்தை எனக்குத் துணையாகப் போட்டார்கள். இருபத்தேழு வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர். புகார், வாக்குமூலம், அறிக்கை என்று ஒரு ஸ்டேஷனில் எழுதப்படுவது எல்லாம் ரைட்டர் கையால்தான். நல்ல மனிதர், நல்ல டீப்பிரியர். எல்லாம் முடிந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'மேற்கண்ட தரவுகள் யாவும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளைக்கு நூறு காகிதத்தில் போடுகிற கையெழுத்துதானே.

தீர்ப்பு நாளன்று மாமன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. போலீஸ் கமிஷனர் முதல் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். துலா பேசியது. அதன் தமிழ், அரசாணைத் தமிழ்.

"வேங்கைப்பட்டினத்தில் மிக ஆபத்தான இடம் எது என்று ஆராய்ந்தேன். கடற்கரைச் சாலை அன்று. மதுக்கடை வாசலும் அன்று. காவல் நிலையக் கழிவறை. முப்பது ஆண்டுகளில் 1,412 பேர் அங்கு வழுக்கி விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொண்டுள்ளனர். ஆகவே, இவ்வாண்டுக் காவல் நிதியிலிருந்து முதற்கண் நாற்பத்திரண்டு நிலையங்களிலும் வழுக்காத ஓடுகளும் சுவர்க் கைப்பிடிகளும் பொருத்தப்பட வேண்டும். அதுவரை எவரையும் நிலையத்தில் தங்கவைக்கக் கூடாது."

யாராவது ஒருவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். ஒருவராவது. முந்நூறு பேர் இருந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கமிஷனர் கூரையைப் பார்த்தார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. கையில் மாவுக்கட்டோடு ஒருவன் படம் பேப்பரில் வந்தால், "என்ன, வழுக்கிட்டானா?" என்று டீக்கடையில் கேட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிற ஊர் இது. பால்காரருக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், கூடத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் அந்த இயந்திரம். எழுதியிருப்பதை நம்பிவிட்டது, பாவம்.

சிரிப்புக்குப் பதில் கைதட்டல் வந்தது. தெய்வசிகாமணி எழுந்து, ஸ்டேஷன்களுக்கு வசதி போதாது என்று தான் தொண்டை வற்றக் கத்தியதை இயந்திரமே ஒப்புக்கொண்டது என்றார். இதுதான் சீர்திருத்தத்தின் முதல் படி என்றார் அனந்தநாயகி. நாலு வருடத்துக்கு முன்னால் ஸ்டேஷன் பதிவேடுகள் நம்பகமானவை என்று அறிக்கை கொடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர், அவர் வேறென்ன சொல்வார். யாக்கூப்பாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். ஓடு பதிக்க மூன்று மாதம் ஆகும், மூன்று மாதமும் லாக்கப் பூட்டியிருக்கும், நாங்கள் கேட்டதில் கால்வாசி கிடைத்துவிட்டது என்று அவரும் தட்டினார். மூன்று பக்கமும் ஜெயித்த தீர்ப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

தீர்மானத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. தரவுக்குச் சான்றளித்த அலுவலர், அது தவறு என்று ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் தீர்ப்பை மறுபடி பார்க்கலாம். அந்தச் சந்து வழியாக நுழைய எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஓய்வுபெறப் பதினெட்டு மாதம்தான் பாக்கி. பொய்த் தரவுக்குச் சான்றளித்தேன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு அலைய வேண்டுமா? முணுமுணுத்துக்கொண்டே ஓடுகளின் அளவுப் பட்டியலைத் தயார் செய்ய ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒருவர் அறைக்கதவைத் தட்டினார். நாற்பது வயதிருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டை, வலது கை மட்டும் மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தது. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"என்ன வேணும்?"

"என் பேரு குத்தாலிங்கம், மேடம். தென்காசிப் பக்கம். இங்க பரோட்டா மாஸ்டரா இருந்தேன்." கவரை மேசையில் வைத்தார். "மெஷின்ல ஆயிரத்து நானூத்திச் சொச்சம் பேரு விழுந்துட்டதா டிவியில சொன்னாகள்லா, அதுல நானும் ஒரு ஆளு. ஆனா நான் விழல."

"திங்கட்கிழமை குறைதீர் நாள். அங்க மனு குடுங்க."

"குடுத்துட்டேன், ஆறு வருசத்துக்கு முந்தியே. முதல் மனுவ அந்த ஸ்டேசனுக்கே அனுப்பி வச்சாக. 'மனுதாரர் வழுக்கி விழுந்தது உண்மை'ன்னு அவுகளே பதிலும் எழுதிட்டாக. அடுத்த மனுவ நகல் மனுன்னு மூடிட்டாக."

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் குறைதீர் பிரிவில்தான் இருந்தேன். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "வாரத்துக்கு ஆயிரம் மனு வரும்ங்க. ஒரே ஆளு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினா மூடத்தான் செய்வாங்க."

"ஒரே விசயம் இல்ல மேடம். ரெண்டாவதுல வேற ஒண்ணு கேட்டிருந்தேன்."

என்னவென்று நான் கேட்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்கிறீங்க?"

கவரிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஹோட்டல் சமையலறையில் நிற்க வேண்டுமானால் இப்போதெல்லாம் அனுமதி அட்டை வேண்டும். தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணினி, ஆளின் பழைய பதிவுகளை எல்லாம் பார்த்துவிட்டு அட்டை கொடுக்கும். இவருடைய அட்டையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: 'ஈரத் தரையில் நிலைதவறி விழும் இயல்புடையவர். சமையலறைப் பணிக்குத் தகுதியற்றவர்.'

"ரெண்டு வருசமா இதத்தான் காட்டுது," என்றார். "கல்லாப் பெட்டியில பணம் காணலன்னு என்னைக் கூட்டிட்டுப் போனாக. ரெண்டு நாள் வச்சிருந்தாக. மூணாவது நாளு மொதலாளியோட மச்சினன்தான் எடுத்தாருன்னு தெரிஞ்சு போச்சு, போடான்னு விட்டுட்டாக. கேசும் இல்ல ஒண்ணும் இல்ல. கை மட்டும் போச்சு." வலது கையின் பொத்தானைக் கழற்றினார். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "இடது கையால வீசப் பழகிட்டேன் மேடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுக் கடை, வெள்ளிக்கிழமை திறப்பு. மொதலாளி வரச் சொல்லிட்டாரு. அட்ட இருந்தாத்தான் அடுப்புகிட்ட நிக்க விடுவாராம். அந்த ஒத்த வரியை எடுத்து விட்டீகன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

"கல்யாண மண்டபத்துல எச்சி இலை எடுக்கேன். அங்கயும் தரை ஈரமாத்தான் கெடக்கு. இலை எடுக்க மட்டும் அட்ட கேக்க மாட்டேங்காக."

அவர் சிரிக்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அரசாங்கத்தில் பார்க்கிறேன் என்றால் பார்க்க மாட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். திரும்பும்போது மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, சௌக்கியமா?"

"இருக்கேன்ப்பா," என்றார் தணிகாசலம், டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு.

குத்தாலிங்கம் போனதும் கேட்டேன். "தெரிஞ்சவரா?"

"நம்ம ஸ்டேஷன் கேஸ்தான். நான்தான் எழுதுனேன்." தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "'விசாரணைக்காக அழைத்து வரப்பட்ட மேற்படி நபர் கழிவறைக்குச் சென்றபோது எதிர்பாராதவிதமாகக் கால் வழுக்கிக் கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது.' ஒரே வரிதான் மேடம். பேரையும் எலும்பையும் மட்டும் மாத்திக்கணும்."

மறுநாள் ஓடு பதிக்க அளவெடுக்கப் போனோம். நான், தணிகாசலம், மாநகராட்சிப் பொறியாளர் இம்ரான். முதல் ஸ்டேஷனே குத்தாலிங்கத்தின் ஸ்டேஷனாக அமைந்தது. கழிவறைத் தரை சொரசொரப்பான கருங்கல். துலாவின் விதிப்படி தரை எவ்வளவு வழுக்குகிறது என்று அளந்து எழுத வேண்டும். இம்ரான் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கருவியை வைத்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடி பார்த்தார். பிறகு சோப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கடைசியில் ஓடியும் பார்த்தார்.

"மேடம், எங்க ஆபீஸ் மாடிப்படியே இதைவிட வழுக்கும். இதுல விழணும்னா ஒரு ஆளு வேணும்."

"விழுறதுக்கா?"

"தள்ளுறதுக்கு."

கதவருகே காவலுக்கு நின்ற இளம் கான்ஸ்டபிள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தணிகாசலத்தை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ஏன் கழிவறை? மாடிப்படின்னு எழுதியிருக்கலாம். கட்டில்ல இருந்து விழுந்தார்னு எழுதியிருக்கலாம். முப்பது வருஷமா நாப்பத்திரண்டு ஸ்டேஷன்லயும் ஏன் ஒரே கழிவறை?"

"கேமரா மேடம்." என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முப்பது வருஷத்துக்கு முந்தியே சீர்திருத்தம்னு சொல்லி எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வச்சாங்க. வாசல்ல, ரைட்டர் ரூம்ல, லாக்கப்ல, எல்லா இடத்துலயும். மாடிப்படியிலயும் வச்சாங்க. கழிவறையில மட்டும் வைக்க முடியாதுல்ல? மானப் பிரச்சினை. அதனால எல்லாரும் அங்கயே விழ வேண்டியதாப் போச்சு."

"அப்ப எழுதினது பொய்னு எழுதிக் குடுங்க. அந்த மனுஷன் அடுப்புகிட்ட நிக்கட்டும்."

"நான் குடுத்தா செல்லாதே. சான்று குடுத்தவங்கதான் குடுக்கணும்." குரலைத் தாழ்த்தாமல் சாதாரணமாகவே சொன்னார். "நான் எழுதினேன், ஒத்துக்கறேன். இன்ஸ்பெக்டர் சொன்னார், எழுதினேன். எழுதலைன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான், எனக்கு ராமேஸ்வரத்துக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கும். ஆனா ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டையும் உண்மைன்னு ஒரே கையெழுத்துல ஒத்துக்கிட்டது யாரு? உங்க கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகா இருந்துச்சு, மேடம்."

அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். ஏசி முடித்ததும் பார்த்தால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைக்குக்கூட நான் பதில் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் எங்கள் அலுவலகத்துக் கண்காணிப்பாளர் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தேன். "கொஞ்சம் நகந்துக்கிடுங்க" என்ற குரலைக் கேட்டு நிமிர்ந்தால் குத்தாலிங்கம். அவரும் என்னைப் பார்த்தார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இலையை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பந்தி முடிந்த கூடம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தரையெல்லாம் ரசம், மோர், பாயசம், உருண்ட டம்ளர்கள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நானே இரண்டு முறை தடுமாறினேன். குத்தாலிங்கம் வெறுங்காலோடு, கோணல் கையில் ஒரு கூடை, நல்ல கையில் ஒரு கூடை என்று அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்வந்தார். ஐந்து வரிசை முடியும் வரை நான் கையைக்கூடக் கழுவாமல் நின்று பார்த்தேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை கால் வழுக்கினால்கூட என் மனம் சமாதானமாகியிருக்கும். வழுக்கவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது, எரிச்சலாகவும் வந்தது. இந்த மனிதர் ஏன் என்னிடம் சத்தம் போடக் கூடாது? போட்டிருந்தால் மரியாதைக் குறைவு என்று சொல்லி வெளியே அனுப்பியிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் மாமன்றத்தில் ஆட்சேபணையைப் படித்தேன். நான்கே வரி. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளிலும் 'காரணம்' என்ற கட்டத்தில் இருப்பது உண்மையல்ல, அது தெரிந்தே சான்றளித்தேன், சான்றைத் திரும்பப் பெறுகிறேன்.

கூடம் கொந்தளித்தது. காவலர்களின் மனவுறுதியைக் குலைக்கிறாள் என்றார் தெய்வசிகாமணி. முறைப்படி என் குழுவிடம் வந்திருக்க வேண்டும் என்றார் அனந்தநாயகி. மூன்று மாதப் பூட்டைக் கெடுத்துவிட்டாயே என்று கையை விரித்தார் யாக்கூப். பதினோரு வருடத்தில் அந்த மூவரும் ஒரே ஆளை ஒன்றாகத் திட்டியது அப்போதுதான். கமிஷனர் மட்டும் அமைதியாக எழுந்தார்.

"மேடம் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நேர்ல பாத்தீங்களா? ஆதாரம் என்ன?"

மூன்று நாளாக யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்த கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. அதை யோசித்த அளவில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன். துலாவைப் பார்த்துக் கேட்டேன்.

"அதே நாப்பத்திரண்டு கழிவறையையும் தினமும் பயன்படுத்தின போலீஸ்காரங்கள்ல, இந்த முப்பது வருஷத்துல எத்தனை பேர் வழுக்கி விழுந்திருக்காங்க?"

"எவருமில்லை."

"துப்புரவுப் பணியாளர்கள்?"

"எவருமில்லை."

கமிஷனர் உட்கார்ந்தார். மேயர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்திடம் சிடுசிடுத்தார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சான்றளிக்கப்பட்ட தரவைச் சந்தேகிக்க எனக்கு அனுமதி இல்லை. எனினும் இக்கேள்வி புதிதன்று. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பழைய மனுக்களில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன், மார்ச் பன்னிரண்டாம் நாள், குத்தாலிங்கம் என்பவர் அளித்த இரண்டாவது மனு. வாசிக்கலாமா?"

மேயர் தலையாட்டினார்.

"'ஐயா, நான் விழுந்ததாகச் சொல்லும் அதே கழிவறைக்குத்தான் ஸ்டேஷனில் உள்ள இருபத்து மூன்று பேரும் தினமும் போய் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை ஏன் விழவில்லை என்று கேட்டுச் சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மனு, நகல் மனு எனக் கருதி அன்றே முடிக்கப்பட்டது. முடித்த அலுவலர், ரெஜினா மேரி."

சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் ஆரம்பித்துப் பார்வையாளர் மாடம் வரை போயிற்று. முதல் நாள் ஒருவராவது சிரிக்க மாட்டார்களா என்று ஏங்கினேனே, அந்தச் சிரிப்பு ஏழு நாள் கழித்து வட்டியோடு வந்து சேர்ந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் துலா தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளிலும் 'காரணம்' கட்டம் வெறுமையாக்கப்பட்டது என்றது. அந்தப் பதிவுகளை வைத்து எடுக்கப்பட்ட மற்ற முடிவுகளும் ரத்து என்றது. குத்தாலிங்கத்தின் அட்டையில் சிவப்பு எழுத்து அந்த நிமிடமே போயிருக்கும். சம்பவத்தின்போது உடனிருந்தவர்கள் அந்தக் கட்டங்களை நிரப்பும் வரை, போலீசுக்குக் கூட்டு, குறை, மூடு என்று எதையும் தன்னால் சொல்ல இயலாது என்று முடித்துக்கொண்டது. மேயர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று கூட்டங்களும் பன்னிரண்டாவது வருடச் சண்டையை அங்கேயே ஆரம்பித்தன. நான் எழுந்து வெளியே வரும்போது ஒரு நாற்காலி உடைகிற சத்தம் கேட்டது.

மதியம் என் மேசைக்கு இரண்டு படிவங்கள் வந்தன. ஒன்று எனக்கு. மனு எண், தேதி, தவறாக முடித்ததற்கான காரணம், கையொப்பம். இன்னொன்று தணிகாசலத்துக்கு. அவர் கையால் எழுதிய முந்நூற்று ஆறு பெயர்கள், கடைசியாக எழுதியது முதலாக, வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

பேனாவை எடுத்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வரி தானாக வந்தது. 'பணிச்சுமை காரணமாக, எதிர்பாராதவிதமாகக் கவனக்குறைவால் நேர்ந்த...'

தணிகாசலம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நல்ல வரி மேடம்," என்றார். கேலி செய்யவில்லை, தொழில் தெரிந்தவரின் பாராட்டு அது. "எங்க வரி மாதிரியே இருக்கு."

எழுதுவதை நிறுத்தினேன். துலா மனுவை வாசித்தபோதே அந்த மார்ச் மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. கவனக்குறைவாக ஒன்றும் இல்லை. அந்த மனுவைக் கடைசி வரி வரை படித்தேன். ஆள் கெட்டிக்காரன், மடக்கிவிட்டான் என்று மனதுக்குள் மெச்சிக்கூடக் கொண்டேன். இதை மேலே அனுப்பினால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். பிறகு மூடினேன்.

எழுதிய வரியை அடித்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'படித்தேன். புரிந்தது. மூடினேன்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் தணிகாசலத்திடம் நீட்டினேன். முதல் பெயர் குத்தாலிங்கம். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.